வில்லன் யார்?

 

இவ்வாண்டுப் பரிசளிப்பு விழா நாடகத்திற்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது ஒரு சிறு சிக்கல் ஏற்பட்டது. கதாநாயகன் வேடத்துக்கு ஏழு பேர் கை தூக்கினார்கள். ராஜா வேடத்துக்கு நான்கு பேர். வில்லன் வேடத்துக்கோ ஒருவரும் முன்வரவில்லை. கடைசியில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனைப் பிடித்து நிறுத்தினோம். பையனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வேணாம் சார். வில்லன்னா கெட்டவன். எங்கப்பா நாடகம் பார்க்க வருவாரு. அவரு முன்னாடி நான் கெட்டவனா வரமாட்டேன் சார்."

"உங்கப்பா என்ன வேலை செய்கிறார்?"

"தோட்டத்துலதான் சார்."

"அப்படியானால் கேட்டுக்கொள். வில்லன் என்ற சொல்லுக்கு முதல் அர்த்தமே தோட்டத்தில் வேலை செய்கிறவர் என்பதுதான். கெட்டவன் என்ற அர்த்தம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது" என்றேன்.

பையன் நம்பவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதற்குள் மணி அடித்துவிட்டது. "மிச்சத்தை விழா மலரில் எழுதுகிறேன். உன் அப்பாவையும் படிக்கச் சொல்" என்று சொல்லி அனுப்பினேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றவே இக்கட்டுரை.

சொல்லும் மாறும்

நம்மில் பலர், ஒரு சொல்லுக்கு அர்த்தம் என்பது நட்டு வைத்த கல்லைப் போல அசையாமல் நிற்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியில்லை. பழந்தமிழில் நாற்றம் என்றால் நறுமணம். பூவின் நாற்றத்தைப் புலவர்கள் புகழ்ந்து பாடினார்கள். இன்றைக்கு யாரையாவது பார்த்து, "உங்கள் மேல் நல்ல நாற்றம் வீசுகிறது" என்று சொல்லிப் பாருங்கள், என்ன நடக்கிறதென்று!

ஆங்கிலச் சொற்களும் அப்படித்தான். நமக்கு நெருக்கமான ஒரு சொல்லிலிருந்தே தொடங்குவோம். அதுதான் ரப்பர். பிள்ளைகளின் பென்சில் பெட்டியில் இருப்பதும் ரப்பர். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து நம் குடும்பங்கள் வெட்டிய மரமும் ரப்பர். இவற்றில் எது முதலில் வந்த பெயர்? மரத்தின் பெயர்தான் அழிப்பானுக்கு வந்தது என்று நீங்கள் நினைத்தால், அது தவறு. 'ரப்' என்றால் தேய். 'ரப்பர்' என்றால் தேய்க்கும் பொருள், அல்லது தேய்க்கும் ஆள். அவ்வளவுதான். அந்தக் காலத்தில் பென்சில் எழுத்தை ரொட்டித் துண்டால் தேய்த்து அழித்தார்கள். 1770-ஆம் ஆண்டில் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற ஆங்கில விஞ்ஞானி, தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பிசின் பென்சில் எழுத்தை மிக நன்றாக அழிக்கிறது என்று தம் நூலில் குறித்து வைத்தார். இலண்டனில் எட்வர்ட் நெய்ர்ன் என்ற வியாபாரி, அரை அங்குலக் கட்டி ஒன்றை மூன்று ஷில்லிங்குக்கு விற்றார். தேய்ப்பதற்கு உதவியதால் அந்தப் பிசினுக்கே ரப்பர் என்று பெயர் வந்தது. பிறகு அதைத் தரும் மரம் ரப்பர் மரமாயிற்று. 1877-ல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து இறங்கி, அவற்றில் சில கோலகங்சாருக்குப் போய், காலப்போக்கில் மலாயா முழுவதும் ரப்பர் தோட்டங்கள் ஆயின. பாருங்கள், பள்ளிப் பிள்ளையின் பென்சில் பெட்டியிலிருந்து புறப்பட்ட பெயர் ஒரு நாட்டின் பிழைப்புக்கே பெயராகிவிட்டது!

சில சொற்கள் சுருங்கிப்போகும். இறைச்சியைக் குறிக்கும் 'மீட்' என்ற சொல் முன்காலத்தில் எல்லா உணவையும் குறித்தது. மானைக் குறிக்கும் 'டியர்' என்ற சொல் எந்த விலங்கையும் குறித்தது. 'கேர்ள்' என்றால் இன்றைக்குப் பெண் பிள்ளை. 1300-ஆம் ஆண்டு வாக்கில் ஆண் பிள்ளையையும் அப்படி அழைத்தார்கள். 'ஸ்டார்வ்' என்றால் பசியால் வாடுவது என்று நாம் படிக்கிறோம். பழைய ஆங்கிலத்தில் அதற்குச் சாவது என்றே பொருள், எந்தக் காரணத்தால் செத்தாலும் சரி.

சில சொற்கள் உயர்ந்துபோகும், சில தாழ்ந்துபோகும். 'நைஸ்' என்ற சொல்லை நாம் எல்லாரும் அறிவோம். இலத்தீன் மொழியில் அதன் வேர்ச்சொல்லுக்கு 'ஒன்றும் அறியாதவன்' என்று பொருள். ஆங்கிலத்துக்கு வந்தபோது முட்டாளைத்தான் 'நைஸ்' என்றார்கள். பிறகு எதற்கும் குறை சொல்கிறவர் 'நைஸ்' ஆனார். பிறகு நுணுக்கமானது 'நைஸ்' ஆயிற்று. 18-ஆம் நூற்றாண்டில்தான் இனிமையானது என்ற அர்த்தம் ஊன்றியது. அது தமிழுக்கு வந்தும் சும்மா இருக்கவில்லை. "வேலை சொன்னதும் நைஸா நழுவிட்டான்" என்கிறோமே, இந்த அர்த்தம் நாம் போட்டது! இதற்கு நேர்மாறாக 'சில்லி' என்ற சொல், ஆதியில் 'இறைவன் அருள் பெற்றவர், பாக்கியசாலி' என்று இருந்தது. அருள் பெற்றவர் கள்ளமற்றவர் ஆனார், கள்ளமற்றவர் பாவப்பட்டவர் ஆனார், பாவப்பட்டவர் கடைசியில் அசடர் ஆகிவிட்டார்.

இதுவரை சொன்னவை வேடிக்கை. இனிச் சொல்லப்போவது வேடிக்கை அல்ல.

தோட்டத்து மனிதர்

பழைய ரோமானியர்களின் மொழியாகிய இலத்தீனில் 'வில்லா' என்றால் நாட்டுப்புறத்துப் பண்ணை, தோட்டம். அந்தத் தோட்டத்தைச் சேர்ந்தவர் 'வில்லானுஸ்'. பிரெஞ்சு மொழியில் அது 'விலென்' ஆயிற்று. 1066-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் நார்மண்டியிலிருந்து வில்லியம் என்ற பிரபு படையெடுத்து வந்து இங்கிலாந்தைப் பிடித்தார். அவரோடு அந்தச் சொல்லும் கப்பலேறி வந்தது.

வென்ற நாட்டில் யாரிடம் எவ்வளவு நிலம், எத்தனை மாடு, எத்தனை ஆள் என்று வில்லியம் அரசர் கணக்கெடுக்கச் சொன்னார். 1086-ல் எடுத்த அந்தக் கணக்குக்கு டூம்ஸ்டே ஏடு என்று பெயர். அதில் ஏறத்தாழ 269,000 பேர் பதிவாகியிருக்கிறார்கள். அவர்களில் சுமார் 109,000 பேர் 'வில்லானுஸ்' என்ற தலைப்பின் கீழ் வருகிறார்கள். அதாவது நூற்றுக்கு நாற்பது பேர்! இங்கிலாந்துக்குச் சோறு போட்டவர்களின் பெயர் அது. அதில் திட்டும் இல்லை, இழிவும் இல்லை.

அடுத்த நூறு ஆண்டுகளில் அவர்களுடைய நிலைமை கெட்டது. நீதிமன்றங்கள் அவர்களைச் சுதந்திரமில்லாத குடிகள் என்று தீர்ப்பளித்தன. வாரத்தில் இரண்டு மூன்று நாள் நிலப் பிரபுவின் வயலில் சம்பளமில்லாமல் உழைக்க வேண்டும். அனுமதியில்லாமல் ஊரை விட்டுப் போகக்கூடாது. மகளுக்குக் கலியாணம் செய்ய வேண்டுமா, அதற்கும் பிரபுவுக்குப் பணம் கட்ட வேண்டும். நிலம் கைமாறினால் குடியும் சேர்ந்தே கைமாறியது.

நிலைமை கெட்டதும் சொல்லும் கெட்டது. அது எப்படிக் கெட்டது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் எழுதத் தெரிந்தவர்கள் யார்? கோயில் குருமாரும் அரண்மனையைச் சேர்ந்தவர்களும். கதை கேட்டவர்கள் யார்? பிரபுக்களும் சீமாட்டிகளும். அவர்களுடைய கதைகளில் நல்ல குணம் என்றால் அரண்மனைக் குணம். மட்டமான குணம் என்றால் தோட்டத்து ஆளின் குணம். 'விலென்' என்று ஏட்டில் இருந்த தொழிலாளி, முதலில் நாகரிகம் தெரியாதவர் ஆனார். பிறகு கேவலமானவர் ஆனார். அதன்பின் அயோக்கியர் ஆனார். வயலில் குனிந்து நின்ற மனிதருக்கு இதெல்லாம் தெரியாது. அவர் பெயரை வைத்து எழுதியது எதையும் அவரால் படிக்க முடியாது.

பின்னாளில் ஆங்கிலேயர்கள் எழுத்திலேயே இரண்டையும் பிரித்துவிட்டார்கள். சரித்திரப் புத்தகத்தில் வரும் பண்ணைக் குடிக்கு ஓர் எழுத்துக்கூட்டல், கெட்டவனுக்கு வேறோர் எழுத்துக்கூட்டல். பண்ணை அடிமை முறை 16-ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் அநேகமாக மறைந்துவிட்டது. ஆள் போய்விட்டார், வசவு மட்டும் நின்றுவிட்டது. அந்த வசவு நாடக மேடைக்கு ஏறி, மேடையிலிருந்து சினிமாவுக்கு வந்து, சினிமாவோடு தமிழுக்கும் வந்தது. இன்று நம் பிள்ளைகள் பயப்படும் வில்லன், அசலில் ஒரு தோட்டப் பாட்டாளி.

ஏறிய சொல்லும் இறங்கிய சொல்லும்

ஏதோ ஒரு சொல்லுக்கு இப்படி நடந்துவிட்டது என்று விட்டுவிட முடியாது. இன்னும் சிலவற்றைப் பாருங்கள்.

பழைய ஆங்கிலத்தில் சிறுவனைக் குறிக்க இரண்டு சொற்கள் இருந்தன. ஒன்று 'நைட்', மற்றொன்று 'நேவ்'. இரண்டுக்கும் பையன், எடுபிடி வேலைக்காரன் என்றே பொருள். முதல் பையன் பிரபுவின் குதிரைக்குப் பக்கத்தில் நின்றான். அவனோடு போருக்குப் போனான். நாளடைவில் 'நைட்' என்றால் வீரன், 'சர்' பட்டம் பெற்ற கனவான் என்றாயிற்று. மற்ற பையன் அடுப்படியிலும் கொட்டிலிலும் வேலை செய்துகொண்டிருந்தான். 'நேவ்' என்றால் போக்கிரி, மோசக்காரன் என்றாயிற்று. சீட்டுக்கட்டில் ராஜா ராணிக்குக் கீழே ஜாக்கி இருக்கிறதே, அதற்கு ஆங்கிலத்தில் பழைய பெயர் 'நேவ்'. ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பிள்ளைகள். ஒருவனுக்குப் பட்டம், ஒருவனுக்குப் பழி!

'லார்ட்' என்ற சொல் கடவுளுக்கும் பிரபுவுக்கும் வழங்குகிறது. அதன் பழைய வடிவத்தைப் பிரித்தால் 'ரொட்டியைக் காப்பவர்' என்று வரும். 'லேடி' என்பது 'ரொட்டிக்கு மாவு பிசைபவள்'. 'மினிஸ்டர்' என்பது இலத்தீனில் வேலைக்காரர். அரசருக்குப் பக்கத்தில் நின்று சேவகம் செய்ததால் அவர் மந்திரி ஆகிவிட்டார்.

மறுபக்கம் பாருங்கள். 'சர்ல்' என்பவர் பழைய இங்கிலாந்தின் சாதாரணக் குடிமகன், சுதந்திரமான ஆள். அந்தச் சொல் இன்று முரட்டு ஆளைக் குறிக்கிறது. 'பூர்' என்பது விவசாயியின் பெயர். அது இன்று பண்பற்றவனைக் குறிக்கிறது. சர்க்கஸில் சிரிக்க வைக்கும் 'கிளவுன்' கூட முதலில் நாட்டுப்புறத்துக் குடியானவர்தான்.

எல்லாச் சொல்லுக்கும் ஒரே விதி என்று நான் சொல்லவில்லை. ஆனால் மேலே சொன்னவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படுகிறது. அரண்மனைப் பக்கம் நின்ற சொல் ஏறியது. மண்ணின் பக்கம் நின்ற சொல் இறங்கியது. சொல் தானாகக் கெடுவதில்லை, அதைச் சொல்லுகிறவர் மனம்தான் அதைக் கெடுக்கிறது.

பள்ளிக்கூடத்துக்கு அபராதம்

அந்த இங்கிலாந்துப் பாட்டாளிகள் வாயை மூடிக்கொண்டா இருந்தார்கள்? இல்லை. 1348-ல் பெரும் கொள்ளைநோய் வந்தது. மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்கள் மாண்டார்கள். உழைக்க ஆள் குறைந்ததால் மிஞ்சியவர்கள் கூடுதல் கூலி கேட்டார்கள். உடனே 1351-ல் ஒரு சட்டம் வந்தது. நோய்க்கு முன் என்ன கூலியோ அதுதான் கூலி, அதற்கு மேல் கேட்டாலும் குற்றம், கொடுத்தாலும் குற்றம்! பிறகு தலைவரி வந்தது. 1377-ல் தலைக்கு 4 பென்ஸ் என்றிருந்த வரி, 1380-ல் 12 பென்ஸ் ஆயிற்று. ஏழைக்கும் பணக்காரருக்கும் ஏறக்குறைய ஒரே கணக்கு.

1381-ல் எஸ்ஸெக்ஸ், கெண்ட் என்னும் பகுதிகளின் உழவர்கள் கிளர்ந்தெழுந்து இலண்டனுக்குள் புகுந்தார்கள். அவர்கள் தலைவர் வாட் டைலர். போகிற வழியில் பண்ணை வீடுகளில் இருந்த பதிவேடுகளைத் தேடித் தேடிக் கொளுத்தினார்கள். தங்களை அடிமை என்று சொல்லும் எழுத்து அந்த ஏடுகளில்தான் இருக்கிறது என்பது படிக்காத அவர்களுக்கும் தெரிந்திருந்தது. 14 வயது அரசர் இரண்டாம் ரிச்சர்ட், ஜூன் 14-ஆம் நாள் அடிமை முறையை நீக்குவதாக எழுதிக் கொடுத்தார். மறுநாள் வாட் டைலர் கொல்லப்பட்டார். அடுத்த மாதமே அரசர் தாம் கொடுத்த எழுத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

பெற்றோர்களே, இனி வருவதைத்தான் நீங்கள் முக்கியமாகப் படிக்க வேண்டும். பண்ணைக் குடியானவர் ஒருவர் தம் மகனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டுமானால், பிரபுவின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் அனுப்பினால் அபராதம். அந்த அபராதங்கள் பண்ணை நீதிமன்ற ஏடுகளில் எழுதப்பட்டு இன்றும் இருக்கின்றன. ஏன் இந்தக் கட்டுப்பாடு? படித்த பையன் கோயில் பணிக்குப் போய்விடுவான். போய்விட்டால் அவன் பண்ணைக்கு உரியவன் அல்ல. வயலில் ஓர் ஆள் குறைந்துபோகும்.

'கிளார்க்' என்ற சொல்லின் கதையும் இதுதான். முதலில் அது கோயில் குருவின் பெயர். எழுதப் படிக்கத் தெரிந்தவர் குருமாரே என்பதால், எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் 'கிளார்க்' ஆனார். அதன்பிறகே ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி 'கிளார்க்' ஆனார். படிக்கத் தெரிந்தவர்களுக்கு இங்கிலாந்தின் சட்டமே சலுகை காட்டிய காலம் ஒன்று உண்டு. தூக்குத் தண்டனைக்குரிய சில குற்றங்களைச் செய்தவர், நீதிமன்றத்தில் வேதாகம வரியைப் படித்துக் காட்டினால் முதல் தடவை உயிர் தப்பலாம்! அந்தச் சலுகையை 1827-ல்தான் எடுத்தார்கள்.

1391-ல் நாடாளுமன்றப் பிரதிநிதிகள் சிலர் அரசரிடம் ஒரு மனு கொடுத்தார்கள். பண்ணைக் குடிகள் தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி அவர்களை மேலே ஏற்றுவதைத் தடை செய்ய வேண்டும் என்பது கோரிக்கை. அரசர் அதற்கு இணங்கவில்லை. 1406-ல் ஒரு சட்டம் வந்தது. எந்த நிலையில் உள்ள ஆணானாலும் பெண்ணானாலும், தம் மகனையோ மகளையோ விரும்பிய பள்ளிக்கு அனுப்பலாம் என்று அது கூறியது. மகளையும் என்று சேர்த்துச் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். வாட் டைலரின் கத்தி கொடுக்காத ஒன்றை, 25 ஆண்டுகளுக்குப் பின் இந்த ஒரு வரி கொடுத்தது.

நம் சொல் ஒன்று

வில்லன் கதை எங்கோ இங்கிலாந்தில் நடந்தது என்று இருந்துவிடலாம். ஆனால் அதே கதை நம் வீட்டுச் சொல் ஒன்றுக்கும் நடந்திருக்கிறது. கூலி என்ற சொல்தான் அது.

தமிழில் கூலி என்பது ஓர் ஆளின் பெயர் அல்ல. உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியத்தின் பெயர். திருவள்ளுவரே முயற்சியைப் பற்றிச் சொல்லும் அதிகாரத்தில், பாடுபட்டதற்கான பலன் என்ற உயர்ந்த பொருளில் இச்சொல்லை ஆண்டிருக்கிறார். ஆங்கிலேயர் வாயில் இது எப்படிப் புகுந்தது என்பதற்கு அகராதி அறிஞர்கள் இரண்டு வழி சொல்கிறார்கள். குஜராத் பகுதியில் வாழும் கோலி என்ற மக்களின் பெயரிலிருந்து வந்தது என்பது ஒரு வழி, தமிழ்க் கூலியிலிருந்து வந்தது என்பது மற்றொரு வழி. இரண்டும் கலந்திருக்கலாம் என்பாரும் உண்டு. எப்படியானாலும், சம்பளத்தின் பெயர் ஆங்கிலத்தில் ஆளின் பெயராகிவிட்டது.

பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833-ல் நிறைவேறி மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அடிமைகள் விட்டுப்போன கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே! இந்தியர்களை ஒப்பந்தம் போட்டுக் கப்பலேற்றினார்கள். மொரிசியஸ், கயானா, நெட்டால், பிஜி என்று போன இடமெல்லாம் அவர்களுக்கு 'கூலி' என்றே பெயர். மலாயாவுக்கு ஒப்பந்தத்தில் ஆள் கொண்டுவருவது 1910-ல் நின்றது. கங்காணி மூலம் ஆள் சேர்ப்பது 1938-ல் நின்றது. அதுவரைக்கும் நம் முன்னோர் ஆவணங்களில் கூலிகள், அவர்கள் குடியிருந்தது கூலி லயம்.

பிறகு அந்தச் சொல் வேலையை விட்டு இனத்தைப் பிடித்துக்கொண்டது. 1893-ல் தென்னாப்பிரிக்காவுக்குப் போன மகாத்மா காந்தி இலண்டனில் சட்டம் படித்த பாரிஸ்டர். அவரையே அங்கே 'கூலி பாரிஸ்டர்' என்றார்கள். அதைத் தம் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். மூட்டை தூக்காதவரும் கூலி என்றால், அது தொழிலின் பெயரா, இல்லை வசவா? இன்று ஆங்கில அகராதிகள் இச்சொல்லுக்குப் பக்கத்தில், 'இது பிறரைப் புண்படுத்தும் சொல்' என்று குறிப்புப் போடுகின்றன. தோட்டத்து மனிதரின் பெயர் வில்லன் ஆனதைப் போல, தோட்டத்து மனிதரின் சம்பளம் வசவு ஆனது. அதைவிட வருத்தம் என்னவென்றால், அந்த வசவை நாமே திரும்ப எடுத்து, "நீ படிக்கலேன்னா கூலிக்காரனாத்தான் போவே" என்று நம் பிள்ளைகளை ஏசுகிறோம். ஏசுகிறவர் அப்பா; தோட்டத்தில் வேலை செய்கிறவரும் அவரேதான்!

இங்கேயும் நம் முன்னோர் சும்மா இருக்கவில்லை. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். துருப்புகள் வந்தன, துப்பாக்கி சுட்டது, சில தொழிலாளர்கள் உயிரை விட்டார்கள். அவர்கள் கேட்டது கூலி உயர்வு மட்டும் அல்ல. துரையையும் மற்ற அதிகாரிகளையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதும் ஒரு கோரிக்கை. பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி அமைக்க 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வழி செய்திருந்தது. ஆனாலும் பள்ளி என்று பெயருக்கு ஒரு கொட்டகை இருந்தால் போதுமா? போதாது என்று சொன்னவர்கள் படிக்காத அந்தப் பெற்றோர்களே.

பள்ளி என்றால் என்ன?

கடைசியாக ஒரே ஒரு சொல். 'ஸ்கூல்' என்பது கிரேக்க மொழியிலிருந்து வந்தது. அங்கே அதன் முதல் பொருள் என்ன தெரியுமா? ஓய்வு! பாடுபட வேண்டாத நேரம். அத்தகைய நேரம் உள்ளவர்கள் கூடியிருந்து அறிவு விஷயம் பேசினார்கள். அதனால் அந்தப் பேச்சுக்கும், பிறகு பேசும் இடத்துக்கும் அதே பெயர் ஆயிற்று.

"ஓய்வா? எங்க சார் ஓய்வு, வீட்டுப்பாடமே முடியலே" என்று மாணவர்கள் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. தம்பி, தங்கச்சி! உங்களுக்கு ஓய்வு இருக்கிறது. விடியற்காலையில் உங்கள் அப்பா அம்மா வேலைக்குப் போகிறார்களே, அது அவர்கள் உங்களுக்கு வாங்கித் தரும் ஓய்வு. உங்கள் கையில் கத்திக்குப் பதில் பேனா இருக்கிறதென்றால், அந்தக் கத்தியை வேறொருவர் பிடித்திருக்கிறார் என்று அர்த்தம்.

பேனா யார் கையில் இருக்கிறதோ அவரே சொல்லுக்கு அர்த்தம் எழுதுகிறார். டூம்ஸ்டே ஏட்டில் பதிவான 109,000 பேரில் ஒருவராவது தம் கதையைத் தாமே எழுதியிருந்தால், வில்லன் என்ற சொல் இன்று வேறு மாதிரி இருந்திருக்கும். தொழிலாளி, தோட்டம், தமிழ்ப்பள்ளி என்னும் சொற்களுக்கு நாளைக்கு என்ன அர்த்தம் வரும்? அதை எழுதப்போகிறவர்கள் இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் நீங்கள்தான். பரிசு கிடைக்காமல் கீழே உட்கார்ந்து கை தட்டும் நீங்களும்தான்.

பெற்றோர்களே! இன்று மாலை நாடகத்தில் ஒரு சிறுவன் ஒட்டு மீசையோடு வில்லனாக வருவான். இந்தக் கதையைக் கேட்டபின் அந்த வேடத்தை அவனே ஏற்றுக்கொண்டான். "சார், கடைசியில வில்லன் ஜெயிக்கிற மாதிரி கதையை மாத்தலாமா?" என்றுகூடக் கேட்டான். அது நாடக ஆசிரியரின் உரிமை என்று சொல்லிவிட்டேன். அவன் மேடைக்கு வரும்போது நீங்கள் பலமாகக் கை தட்டுங்கள். அவன் அப்பா முன்வரிசையில் இருப்பார்.

வாழ்க உழைப்பு! வளர்க நம் பள்ளி!